சுவிட்சை அணைத்த கை

டைப் அக்கா என்றால் தெருவுக்கே தெரியும். ஊரார் எழுதியதைத் தட்டச்சு செய்து கொடுத்தே இருபது வருடம் ஓட்டியவள். கை வேகம் அப்படி. வாய் அதைவிட வேகம். அந்த வாயில் தினமும் அரைபடுகிறவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கும் அவள் கணவர். விளக்கையோ விசிறியையோ அணைக்காமல் அறையை விட்டுப் போவதுதான் அவர் செய்யும் பெரிய குற்றம்.

மூன்று நாளாக அவளுடைய பழைய கணினி மக்கர் பண்ணியது. ஒழுங்காகத்தான் திறக்கும், எழுதும் மென்பொருளைத் தொட்டால் மட்டும் படக்கென்று மூடிக்கொள்ளும். உள்ளே ஒரு வாத்தியார் எழுதிய புத்தகத்தின் முந்நூற்றுப் பத்துப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. "கண்ணு முழுசா போறதுக்குள்ள ஒரு தடவை தாள்ல படிச்சுப் பாத்துடணும்மா" என்று சொல்லி நோட்டுகளைக் கொடுத்திருந்தார். இன்று மாலை வருகிறார்.

பென் டிரைவில் ஒரு நகல் இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்? பழைய எழுத்துருவில் அடித்தது. வேறு கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் கமாவும் பூச்சி பூச்சியாக வந்து நிற்கும். எழுத்துருவை ஏற்றிக் கொடுத்தவர் கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார்.

வெளியூரில் கணினி பழுதுபார்க்கும் தம்பியைப் போனில் பிடித்தாள்.

"கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னல் வந்துச்சா அக்கா? எஸ் எஃப் சி, ஒரு இடம் விட்டு, சாய்கோடு, ஸ்கேன் நவ். கெட்டுப்போன சிஸ்டம் ஃபைலை அதுவே தேடிச் சரிபண்ணிடும். இடம் விட மறந்துடாதே."

"எனக்கே இடம் விடச் சொல்லித் தர்றியா நீ?"

திரையில் எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. நாற்பத்து மூன்று விழுக்காட்டில் அப்படியே நின்றுவிட்டது.

"நின்னுபோச்சுடா."

"நிக்கல அக்கா, யோசிக்குது. தொடாதே."

"இதென்ன பரீட்சையா எழுதுது, யோசிக்கிறதுக்கு?"

பத்து நிமிடம் ஆயிற்று. நாற்பத்து மூன்றுதான். அக்காவுக்குப் பொறுமை எப்போதோ போய்விட்டது.

"சிஸ்டம் ஃபைல் சும்மா கெடாதே" என்றான் தம்பி. "கம்ப்யூட்டர் முழுசா மூடுறதுக்கு முன்னாடி யாராவது சுவத்துல சுவிட்சைத் தட்டிடறாங்களா?"

அக்கா வெடுக்கென்று திரும்பினாள். கணவர் நாளிதழில் மூழ்கியிருந்தார்.

"ஏங்க, நீங்கதானே? உங்க வேலைதானே இது?"

அவர் நாளிதழை நிதானமாக மடித்து வைத்தார். "முப்பது வருஷமா இந்த வீட்டுல நான் ஒரு சுவிட்சையாவது அணைச்சிருக்கேனா? நீயே சொல்லு."

போனில் தம்பி இருமினான். சிரிப்பை மறைக்கும் இருமல் அது.

'மூடுகிறது' என்று திரையில் வட்டம் சுற்றும்போதே, இந்தக் கிழட்டுச் சனியன் மூடுவதற்குள் விடிந்துவிடும் என்று திட்டிக்கொண்டே தினமும் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனது யார் கை என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. எரிச்சல் இரண்டு மடங்காயிற்று. அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

எண் நாற்பத்து நான்கானது. அப்புறம் மளமளவென்று நூறு. கெட்டதையெல்லாம் சரிசெய்துவிட்டதாக ஒரு வரி வந்தது. கணினியை மறுபடி திறந்து மென்பொருளைத் தொட்டாள். மூடிக்கொள்ளவில்லை. முதல் பக்கம் தமிழாகவே வந்து நின்றது. கண் கலங்கியதைக் கணவர் பார்க்காதபடி குனிந்து அச்சு இயந்திரத்தில் தாளை வைத்தாள்.

மாலை வாத்தியார் வந்தார். தாளை மூக்கருகில் வைத்து நெடுநேரம் படித்தார். "மூணாவது வரியில ஒரு கொம்பு விட்டுப்போச்சேம்மா" என்றார், முகமெல்லாம் மலர.

அவர் போனதும் அக்கா கணினியை மூடினாள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பழக்கதோஷத்தில் கை சுவரை நோக்கி நீண்டது.

"ம்க்கும்" என்றார் கணவர்.

கையை மடியில் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வட்டம் ஒருவழியாக நின்று திரை இருண்டது. அவர் எழுந்து வந்து சுவிட்சை அணைத்தார்.