கிளிப் மாட்டிய வயலின்

கல்லூரிக்குப் போகும் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த வகுப்புத் தோழி ரோஸி, நோட்டுப் புத்தகத்தின் மேல் வயலின் வாசிப்பதுபோல் விரலோட்டிக்கொண்டிருந்தாள். பார்த்தவுடன் எனக்குப் பளிச்சென்றது. கூச்சப்படுகிற வயலின்காரியைப் பற்றி ஒரு படம்! முதலில் மூன்று நிமிஷ டிரெய்லர். நண்பனின் மாமாவிடம் சத்தம் பதியாத சின்ன கேமரா இருந்தது.

ரோஸியிடம் சம்மதம் கேட்டு, மறுநாள் மத்தியானமே கேமராவோடு நானும் நண்பனும் எங்கள் ஊரின் ஸ்கெலட்டன் பகுதியில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்த அவள் வீட்டுக்குப் போய்விட்டோம். வயலின் தந்திகளைத் தாங்கும் கட்டையில் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டிக்கொண்டு முனகல் மாதிரி வாசித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "வெட்கத்தை விடு ரோஸி!" என்று கிளிப்பைப் பிடுங்கினேன். வயலின் கணீரென்றது.

பக்கத்து வீட்டு அக்கா கதவைத் திறந்தார். "இன்னா தம்பி, சினிமாவா? எங்க வீட்டு மனுஷன் நைட் ஷிப்டு முடிச்சி இப்பதான் கண்ணசந்தாரு. தூக்கக் கலக்கத்தோட சொரங்கத்துக் கேஜுல எறங்கி ஏதாச்சும் ஆனா, நீயா கீழ போய்த் தூக்கியாருவ?"

ரோஸி கிளிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "நான் கூச்சக்காரிதான். ஆனா இது கூச்சத்துக்காக மாட்டுனது இல்ல."

ஊரின் கடைவீதிப் பக்கமான ஆண்டர்சன்பேட்டையில் கடைக்காரர் பிள்ளை நான். பகலில் தூங்கும் தெரு எங்கள் ஊரிலேயே இருப்பது அன்றுதான் தெரிந்தது. தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டேன். "ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் லீவு. அன்னிக்கு வாங்க, நாங்களும் கேக்கறோம்" என்றார் அக்கா.

டிரெய்லர் கிடைத்துவிட்டது! சாத்திய கதவுகள், கிளிப்பைக் கழற்றும் விரல்கள், ஒவ்வொன்றாகத் திறக்கும் கதவுகள். இந்த ஞாயிறு எடுக்கப்போகிறோம். கேமராவில் சத்தம் பதியாது என்பதால், படத்தைக் காட்டும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று ரோஸியே வாசிக்க வேண்டும். அதை மட்டும் அவளிடம் இன்னும் கேட்கவில்லை.