நெஞ்சுக்குப் போட்ட பவுடர்

போன வருஷம் என் வலது நுரையீரலைச் சுற்றி மூன்று தடவை நீர் கோத்தது. நாலு படி ஏறினாலே மூச்சு இரைக்கும். ஒவ்வொரு தடவையும் ராஜபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போவேன். தலையணையைக் கட்டிக்கொண்டு மேசைமேல் குனிந்து உட்காரச் சொல்வார்கள். முதுகில் ஊசி போட்டு நீரை எடுப்பார்கள். எத்தனையோ பரிசோதனை செய்தும் பெரிய வியாதி எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் நீர் மட்டும் மறுபடி சேர்ந்துவிடும்.

நான் ஒண்டிக்கட்டை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அக்கா இரண்டாவது தடவைக்குப் பிறகு துணிப்பையோடு என் வீட்டில் வந்து இறங்கினாள். வந்ததும் தண்ணீர்க் கேனைத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

“குடிக்கக் குடிக்கத்தானலே நெஞ்சுல சேருது? எம்புட்டுத் தண்ணி குடிக்கே நீ!”

ரசம் கிடையாது, மோர் கிடையாது. இட்லிக்குப் பொடிதான், அதில் எண்ணெய் ஊற்றவே யோசித்தாள். பல் தேய்க்கிற சாக்கில் குளியலறைக் குழாயில் வாய் வைத்துக் குடித்தேன்.

“என்னலே, கொப்பளிக்க சத்தம் கேக்கு, துப்புத சத்தத்தக் காணோம்?” என்றாள் கதவுக்கு வெளியே.

மூன்றாவது தடவை அவளும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டரம்மா சிரிக்காமல் சொன்னார்: “குடிக்கிற தண்ணி வயித்துக்குத்தான்மா போகும். தாராளமா குடிக்கட்டும்.” நான்தான் டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்பதுபோல அக்கா என்னைப் பார்த்தாள்.

“இனி நெஞ்சுக்குள்ள ஒரு பவுடர் போட்டு, நுரையீரலை நெஞ்சுச் சுவரோட ஒட்ட வச்சிருவோம். நீர் தேங்க இடமே இருக்காது,” என்றார் டாக்டரம்மா.

“மூஞ்சிக்குப் போடுத பவுடரா?”

“அதே வகைக் கல்லுப் பொடிதான். ஆனா மருந்துக்குன்னே சுத்தம் பண்ணினது.”

அக்காவுக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்த அன்று பையிலிருந்து சந்தன வாசனைப் பவுடர் டப்பா ஒன்றை எடுத்து நர்ஸிடம் நீட்டினாள். “மட்டமான பவுடர் இவனுக்கு ஒத்துக்காது தாயி, சொறிவான். இதைப் போடுங்க.” நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நான் சிரித்து, இருமி, மூச்சு வாங்கினேன்.

விலாவில் குழாய் செருகி, நீரை வடித்து, பவுடரைக் கரைத்து உள்ளே விட்டார்கள். அது எல்லாப் பக்கமும் பரவ, கால் மணிக்கொரு தரம் நான் புரண்டு படுக்க வேண்டும். அந்தப் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டாள்.

“இடப்பக்கம் திரும்புலே. ம், செத்த நேரம். இப்பக் குப்புற.”

வலியில் உயிர் போனது. “நான் என்ன பஜ்ஜியாக்கா?”

“வாயை மூடிட்டுத் திரும்பு. ஒரு பக்கம் ஒட்டாமப் போச்சுன்னா?”

குழாய் இழுபடாதபடி அவளே பிடித்திருந்தாள். மறு கையால் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நீர் அதன்பிறகு சேரவில்லை. ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் காட்டினார். “பாருங்கம்மா, நல்லா ஒட்டியிருக்கு.”

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“அது சரி. எலும்பெல்லாம் இப்படித் தெரியுதே, ஒழுங்காச் சாப்பிடுதானா இவன்?”

எக்ஸ்ரே பார்க்க ஊரிலிருந்து வந்தவள், அன்றைக்கே என் வீட்டில் இன்னும் ஒரு வாரம் தங்குவதென்று முடிவு செய்துவிட்டாள்.