கஹ்தானின் பங்கு மாவு

மாவு மூட்டையைப் பிரித்ததும் ஹுஸ்னிய்யா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள். எட்டு வருஷமாக அப்படித்தான். அவள் முகம் சுளித்தால், வரிசையில் நிற்கும் பெண்கள் மண் சலிக்கச் சல்லடை தேடுவார்கள். வாய் திறந்து ஒரு குறை சொல்லமாட்டாள். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அதிகாரி யாராவது வந்தால் கண்ணைத் தராசிலிருந்து எடுக்கமாட்டாள்.

பஸ்ராவில் அவள் வீட்டு முன்னறைதான் அந்தத் தெருவுக்கு ரேஷன் கடை. எழுபது குடும்பங்கள். நாட்டின்மேல் உலக நாடுகள் வணிகத் தடை போட்டிருந்த காலம் அது. எண்ணெய் கப்பலேறிப் போகும், அதற்கான பணம் வெளிநாட்டு வங்கியில் போய் உட்காரும், அதில் எதை வாங்கலாம் என்று கடல் கடந்த ஒரு குழு முடிவு செய்யும். மாவும் பருப்பும் எப்படியோ வந்துவிடும். மருந்துதான், பரிசீலனையில் இருக்கிறது என்ற பதிலோடு நின்றுவிடும்.

பக்கத்து வீட்டுக் கஹ்தான் அந்த எண்ணெயை ஏற்றியவர். இருபத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் கப்பலுக்குக் குழாய் மாட்டினார். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை அவருக்கு வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டால், எழுதி அனுப்பியாயிற்று, இன்னும் வரவில்லை என்றார்கள். வெளியில் ஒரு பட்டை மாத்திரையின் விலை அவருடைய மாதச் சம்பளம். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் மாதம் போய்ச் சேர்ந்தார்.

மனைவி நஜாத்துக்கு நான்கு பிள்ளைகள். கஹ்தானின் பெயரை அட்டையிலிருந்து எடுக்க வேண்டாம் என்று அவள் கேட்கவுமில்லை, எடுக்கிறேன் என்று ஹுஸ்னிய்யா சொல்லவுமில்லை. ஏற்கெனவே அவள் பட்டியலில் மூன்று பேர் மண்ணுக்குள் இருந்துகொண்டே மாவு வாங்கினார்கள். கஹ்தானின் பங்கு ஒன்பது கிலோ மாவு இருந்தால் பிள்ளைகளுக்கு ராத்திரி ரொட்டி உண்டு. இல்லாவிட்டால் வெறும் தேநீர்தான்.

சாவு வீட்டுக்காரர்கள் தெருமுனையில் கறுப்புத் துணி கட்டுவது ஊர் வழக்கம். இறந்தவர் பெயர், தேதி எல்லாம் அதில் வெள்ளை எழுத்தில் இருக்கும். துணி கட்டாவிட்டால், கேட்க நாதியில்லாதவன் என்று ஊர் சொல்லும். கஹ்தானின் தம்பி நல்ல துணியாகப் பார்த்து வாங்கி ஆணியடித்துக் கட்டினான். தெருமுனைச் சுவர் என்பது ரேஷன் கடைச் சுவர். அது ஒருவருக்கும் உறைக்கவில்லை, ஹுஸ்னிய்யாவுக்கும்தான்.

அடுத்த மாதம் சோதனைக்கு வந்த அதிகாரி ஸுஹைர் வாசலில் நின்று துணியை நிதானமாகப் படித்தார். உள்ளே நஜாத் கஹ்தானின் பங்கு மாவு மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, வெளியில தொங்குறவரு உள்ள வந்து மாவு வாங்குறாரா?"

"அது வேற கஹ்தான், உஸ்தாத்," என்றாள் ஹுஸ்னிய்யா, தராசைப் பார்த்தபடி.

"அப்பன் பேரு, தாத்தன் பேரு கூடவா ஒண்ணாயிருக்கு?"

பெயரை அடிக்காவிட்டால் கடை உரிமம் போகும், எழுபது குடும்பமும் பாலம் தாண்டி வேறு கடையில் போய் நிற்க வேண்டியிருக்கும் என்றார். நஜாத் மூட்டையை இறக்கிவைத்தாள். அழவில்லை. அவள் கை மூட்டையின் கழுத்தை மட்டும் விடவில்லை.

அதைப் பார்த்ததும்தான் ஹுஸ்னிய்யாவுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. எட்டு வருஷத்தில் முதல்முறையாக அதிகாரியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அடிங்க, உஸ்தாத். பேரை அடிச்சுக்குங்க. இவரு ஏத்தி அனுப்புன எண்ணெய அங்க யாராவது அடிச்சாங்களா? அதுக்கு வந்த பணம் அப்படியே பத்திரமாத்தானே இருக்கு? மாத்திரைக்கு யோசிக்க அவங்களுக்கு மூணு மாசம் வேணும். பேர அடிக்க உங்களுக்கு ஒரு நிமிஷம் போதும்."

"நானா மருந்த நிறுத்தினேன்? என் வீட்டுலயும் இதே மாவுதான் தின்னுறோம்."

"தின்னுறீங்கல்ல? அப்ப இந்த மூட்டைய நீங்களே அவ கையிலேருந்து புடுங்குங்க. நான் புடுங்கமாட்டேன்."

ஸுஹைர் மூட்டையைத் தொடவில்லை. அந்த மாதம் மட்டும் போகட்டும் என்று முனகினார். ஆனால் பேனாவை எடுத்தார், கஹ்தானின் பெயர்மேல் கோடு போட்டார், ஹுஸ்னிய்யாவிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

இப்போது நஜாத்தின் அட்டையில் ஐந்து பெயர்கள்தான். மூத்த மகள் பள்ளிக்குப் போவதில்லை. ரொட்டி சுட்டு விற்கிறாள். அந்தத் தெருவில் யார் இறந்தாலும் கறுப்புத் துணி கட்டுவதில்லை. வெளியே அழுகைச் சத்தம் கேட்காமல் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.