கரீபியன் தீவில் எனக்கொரு அறை

ராஜினாமாக் கடிதம் கொடுத்த ஊழியரை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. கோபத்தில் எழுதினாரா, யாராவது எழுத வைத்தார்களா, மனமறிந்துதான் கொடுத்தாரா என்று கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஏற்று ஆணை பிறப்பிக்கும்வரை அவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். பணியில் இருந்த காலம் முழுக்க இந்த நடைமுறையை நான் பிசகாமல் கடைப்பிடித்தேன். காலையில் கடிதத்தை வீசிய எத்தனையோ பேர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தங்கள் இருக்கைக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் விருந்துக்கும் ஏறக்குறைய இதே விதிதான். சாப்பிட வாங்க என்றால் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இப்பத்தான் சாப்பிட்டேன் என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னால் கூடுதல் மரியாதை. கூப்பிட்டவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். இரண்டாவது மறுப்பில் குரல் சற்றுத் தணியும். அடுத்த அழைப்பில் இலை முன் உட்கார்ந்துவிடலாம். முதல் அழைப்பிலேயே உட்காருகிறவனை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். முதல் மறுப்பையே ஏற்றுக்கொள்கிறவனை அதைவிட மோசமாகப் பார்க்கும்.

என் மகன் புதுச்சத்திரத்தில், நெடுஞ்சாலைக்கு ஒரு தெரு உள்ளே இருக்கும் இந்த வீட்டில்தான் வளர்ந்தான். அவனுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் அமெரிக்காவுக்குப் போனவர்கள் முதலில் மறப்பது தமிழை அல்ல, இதைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அவன் சொன்னான்: “அப்பா, கிறிஸ்துமஸ் லீவுக்குக் கரீபியன் பக்கம் ஒரு தீவுக்குப் போலாம்னு இருக்கறோம். நீங்களும் வாங்களேன்.”

“நான் எதுக்குச் சாமி? நீங்க போயிட்டு வாங்க.”

“சரிங்கப்பா. ஆனா எங்க தங்கறதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லோணும். படிச்சுப் பாத்துக் குத்தம் கண்டுபுடிக்கறதுல உங்கள அடிச்சுக்க ஆளில்ல.”

அந்தச் ‘சரிங்கப்பா’வில் என் மறுப்பு ஏற்கப்பட்டு ஆணையும் வெளியாகிவிட்டது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இரண்டாவது அழைப்பு வரத்தான் போகிறது என்று இருந்தேன்.

என் மனைவி இருந்தவரை இந்தச் சிக்கல் எழுந்ததே இல்லை. நான் எங்காவது வேண்டாம் என்றால், “அவரு அப்படித்தான் சொல்லுவாரு, நீங்க எலையப் போடுங்க” என்று பக்கத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுவாள். என் மறுப்புகளுக்கு மேல்முறையீட்டு அதிகாரி அவள்தான். அவள் போய் மூன்று வருடமாகிறது. அந்தப் பணியிடம் நிரப்பப்படவில்லை.

மகன் மூன்று இடங்களின் இணைப்புகளைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். முதலாவது, கடற்கரையில் ஒரு பெரிய ஓட்டல். அங்கே போனதும் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்களாம். அதைக் காட்டினால் எந்நேரமும் எதையும் சாப்பிடலாம். அரசு மருத்துவமனையில் உள்நோயாளிகளுக்குக் கட்டுவது போலத்தான் படத்திலும் இருந்தது. யாரும் யாரையும் வற்புறுத்திச் சாப்பிட வைக்கத் தேவையில்லாத ஏற்பாடு. எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. இரண்டாவது, துறைமுகத்தைப் பார்த்த அடுக்குமாடி வீடு. மூன்றாவது, குன்றுச் சரிவில் தனி வீடு. மேலே மூன்று படுக்கையறைகள், கீழே தோட்டத்தைப் பார்த்தபடி ஒன்று.

தங்கியவர்கள் எழுதிவைத்த கருத்துகளை ஒன்றுவிடாமல் படித்தேன். பெயரில்லாத மொட்டைக் கடுதாசிகள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பது பொது விதி. அதனால் ‘மகிழ்ச்சியான அம்மா’, ‘கடல்நாய்’ போன்றவர்களை ஒதுக்கினேன். சொந்தப் பெயரில் எழுதிய பலர் அடுக்குமாடியின் மின்தூக்கி நின்றுபோவதைச் சொல்லியிருந்தார்கள். அது போயிற்று. தனி வீட்டைப் பற்றி ஒரே குறைதான்: அங்கே குழாய்த் தண்ணீர் கிடையாது, கூரையில் விழும் மழைநீரை வீட்டுக்கு அடியில் தொட்டி கட்டிச் சேமித்துக்கொள்கிறார்கள்.

என் பழைய சக ஊழியர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு தம்பியின் ரிக் வண்டிகளுக்குக் கணக்குப் பார்க்கிறார். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள். சாயங்காலம் நெடுஞ்சாலை பேக்கரியில் சந்திப்போம். தொட்டி விஷயத்தைச் சொன்னேன்.

“ஏனுங்க, ஒரு போர் போடறதுக்குக் கூடவா அங்க ஆளில்ல? எங்கூட்டு ரிக்க கப்பல்ல ஏத்தி உட்றட்டுங்களா?”

“போட்டாலும் உப்புத் தண்ணிதாங்க வரும்.”

“நம்மூர்ல மட்டும் எளநியா வருது?” என்று சிரித்தவர், டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அது கெடக்குது. நீங்க போறீங்களா, இல்லீங்களா?”

“இன்னும் ஒருக்காத்தான் கூப்பிட்டிருக்கான்.”

“கல்யாணப் பொண்ணாட்டம் காத்துக்கிட்டு இருங்க.”

காத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் தயாராக இருந்தேன். மனைவியோடு ஒருமுறை போய்வந்தபோது வாங்கிய அமெரிக்க விசா இன்னும் காலாவதியாகவில்லை. அந்தத் தீவும் அமெரிக்கக் கொடி பறக்கும் தீவு என்பதால், மகன் வீடு போய் அங்கிருந்து கிளம்பினால் வேறு விசா வேண்டியதில்லை. அதையும் சரிபார்த்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

தனி வீட்டைப் பரிந்துரைத்து ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். சமையலறை உண்டு, பிள்ளைக்கு ஆழமில்லாத கடல் பக்கத்தில், ஜெனரேட்டர் உண்டு. கடைசியாக, ‘கீழ்த்தளத்தில் ஓர் அறை தனியே உள்ளது, மாடிப்படி ஏறச் சிரமப்படுகிறவர்களுக்கு உகந்தது’ என்று சேர்த்தேன். மகன், மருமகள், பத்து வயதுப் பேத்தி. அந்தக் குடும்பத்தில் படியேறச் சிரமப்படுகிறவர் ஒருவருமில்லை. இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படிக் கோடிட்டுக் காட்டுவது?

“சூப்பர்ப்பா, புக் பண்ணியாச்சு” என்று மகனிடமிருந்து வந்தது. மருமகள் கும்பிடும் கைகளை அனுப்பி, “தேங்க்ஸ் மாமா” என்றாள். பேத்தி மட்டும் குரல் பதிவு போட்டாள்: “தாத்தா, அதுல உங்க ரூம் எது?” பதிவு முடிவதற்குள் பின்னாலிருந்து மருமகளின் குரல், சாதாரணமாக, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல்: “தாத்தா வரல கண்ணு, அவருக்கு இந்த அலைச்சலெல்லாம் புடிக்காது.”

பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். எனக்கு அலைச்சல் பிடிக்காது என்று அந்த வீட்டில் முடிவாகியிருக்கிறது. நான் என்றுமே அப்படிச் சொன்னதில்லை. சொல்லவில்லை என்பதற்குச் சாட்சி சொல்ல இருந்தவளும் இல்லை.

பேக்கரியில் இதைச் சொன்னபோது நண்பர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “வாயத் தொறந்து கேட்டுப் போடுங்க. பெத்த பையன்கிட்ட என்னுங்க வெக்கம்?” என்றார்.

வாயைத் திறந்து கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. எழுதிக் கேட்கிற பழக்கம்தான். கார்த்திகை பிறந்த வாரம், மகனுக்கு மட்டும் தனியாக அனுப்பினேன்: ‘முன்பு வரவில்லை என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உடல்நிலை நன்று. விசா உள்ளது. உங்களுக்கு ஆட்சேபணை இல்லையெனில் நானும் வர விரும்புகிறேன்.’ விரும்புகிறேன் என்பதை இரண்டு தடவை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

போய்ச் சேர்ந்ததற்கு இரட்டைக் குறி விழுந்தது. படித்தால் நீலமாக மாறுவது தெரியாதபடி அவன் வைத்திருக்கிறான். அடுத்த ஞாயிறு அழைப்பில் பேத்தியின் நீச்சல் வகுப்பு, என் சர்க்கரை அளவு, அங்கே விழுந்த பனி எல்லாம் பேசினோம். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பரிசீலனையில் இருக்கும் ஒன்றை வாய்மொழியாகக் கிளறுவது முறையல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கப்புறம் பயணத்துக்குத் துணி எடுக்கவேண்டியிருக்கிறது என்று அழைப்பைச் சுருக்கிக்கொண்டார்கள்.

நான் ஒரு நாள் நாமக்கல் போய், பருத்தியில் அரைக்கைச் சட்டை இரண்டு வாங்கிவந்தேன். கடற்கரைக்கு என்று கடைக்காரரிடம் சொல்லவில்லை.

அவர்கள் தீவில் இறங்கிய மறுநாள் வீடியோ வந்தது. பேத்தி கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஓடிக் காட்டினாள். சமையலறை படத்தில் இருந்ததைவிடப் பெரிது. கடல் அவ்வளவு பக்கத்தில். அப்புறம் படி இறங்கினாள். கீழறையின் ஜன்னலுக்கு வெளியே சிவப்புக் காகிதப்பூ கொத்தாகத் தொங்கியது. கட்டில்மேல் காலிப் பெட்டிகள், ஈரத் துண்டுகள், காற்றடித்த ஒரு பிளாஸ்டிக் முதலை.

“சூப்பர் வீடு தாத்தா!” என்றாள்.

“ஆமாங்கண்ணு” என்று பதில் போட்டேன். வெளியே முட்டை ஏற்றிய லாரி ஒன்று ஆரனை அடித்துக்கொண்டே போயிற்று. அன்று பேக்கரிக்குப் போகவில்லை.

அவர்கள் ஊர் திரும்பினார்கள். மார்கழி முடிந்தது. பொங்கலுக்குக் கூப்பிட்டு எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். நான் அதைப்பற்றி எதுவும் கேட்கவில்லை, நினைவூட்டுக் கடிதமும் அனுப்பவில்லை. பயணமே முடிந்தபின் எதை நினைவூட்டுவது?

அதன்பின் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கையில் மகனிடமிருந்து வந்தது:

‘அப்பா, நீங்க அனுப்பற பென்ஷனர் சங்கம் ஃபார்வர்டுக்கு நடுவுல இந்த மெசேஜ் கெடந்துருக்குது. இப்பத்தான் பாக்கறேன். நான் உங்கள மொதல்ல கூப்பிட்டப்ப வேண்டாம்னு சொன்னீங்க. அம்மா இல்லாம எங்கயும் வர மனசில்லையாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். மறுக்கா கேட்டா உங்களுக்கு வேதனையா இருக்கும்னுதான் கேக்கல. நெஜமாலுமே வரணும்னு இருந்தீங்களாப்பா?’

இது வந்த நாள் தை மூன்று, கரிநாள். அன்று நல்லது எதையும் தொடங்கக் கூடாது என்பதும் எங்கள் பக்கத்து விதிதான் என்று, பதிலை மறுநாளுக்கு ஒத்திவைத்தேன்.