ஏழாவது கேமரா

முறைத்துப் பார்ப்பதற்கென்றே ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா? கொடுத்தார்கள். முப்பத்தோரு வருஷம் கொடுத்தார்கள். பிழைக்கப் போன நாட்டில், ஒரு பெரிய வணிக வளாகத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், நாற்பத்தெட்டுத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, மேலே கடைகளில் நடமாடுகிறவர்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். யாராவது எதையாவது பைக்குள் தள்ளினால் வாக்கி-டாக்கியில் மாடிக் காவலருக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் அவருக்கு ‘மானிட்டர்’ என்று பெயர் வைத்திருந்தன. முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். அந்தத் திரைகளில் படம் மட்டும்தான், சத்தம் கிடையாது. அதனால் உதட்டசைவிலேயே பேச்சைப் பிடித்துவிடப் பழகியிருந்தார். அதில் அவருக்குக் கர்வம் வேறு.

அந்த அறையில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. நீலத் தொப்பி, சிவப்புப் பை, குட்டைப் பாவாடை, அவ்வளவுதான். ஒரு தடித்த நோட்டில் நேரம் போட்டு எழுத வேண்டும்: ‘3.20. நீலத் தொப்பி. இரண்டாம் மாடி, வலப் பக்கம். சந்தேகம்.’ இந்தச் ‘சந்தேகம்’ என்ற வார்த்தையை அவர் முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பார் என்று சொல்ல முடியாது. எழுதி எழுதி அது கையிலிருந்து மண்டைக்கு ஏறிவிட்டது.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு தெருவைப் பார்த்தார். தெரு முழுக்கத் திருடர்களாக இருந்தார்கள். பக்கத்து வீட்டு நாய்க்காரர் ஒரே நாளில் நான்கு முறை நடக்கிறார், எந்த நாய்க்கு அத்தனை நடை? பார்சல் கொண்டுவருகிறவன் வாசலில் ஏன் எட்டு நொடி நிற்கிறான்? யாரைக் கண்டாலும் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. யாரும் அவருக்கு வணக்கம் சொல்வதில்லை. அதையும் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டார்.

இந்த லட்சணத்தில், எதிர் வீட்டு நர்ஸ் வேலைக்குப் போயிருந்த ஒரு பட்டப்பகலில் அவள் வீட்டுப் பின்கதவை உடைத்து யாரோ புகுந்துவிட்டார்கள். டிவியும் கொஞ்சம் நகையும் போயின. மானிட்டருக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே! பாவம், அந்தப் பெண் அழுதுகொண்டு நிற்கிறாள். இவர் போய், “கதவுக்கு ஒரு கேமரா வெச்சிருந்தா இப்படி நிக்க வேண்டியிருந்திருக்காது” என்றார். அவள் கதவை இவர் முகத்தில் சாத்தினாள். சாத்தினது சரி என்றுதான் நான் சொல்வேன்.

“நம்ம ஊருன்னா ஒரு சத்தம் போட்டா நாலு பேர் ஓடி வருவாங்க” என்று மனைவியிடம் வந்து சொன்னார். “இங்க சத்தம் போட்டா ஜன்னல் திரைதான் லேசா நகரும். நம்மள நாமதான் பாத்துக்கணும். கேமரா வாங்கப் போறேன்.”

அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் போர்வை மடித்தவள். ராட்சச இயந்திரங்களின் இரைச்சலில் நின்று நின்று அவளுக்குக் குரல் கொஞ்சம் பெரிசு, முழங்கால் கொஞ்சம் மோசம். “நானும் வர்றேன்” என்றாள். தனியாக விட்டால் மனுஷன் கடையையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியாதா?

மூன்று பஸ் மாறி ஒரு தமிழர் நடத்தும் கேமரா கடைக்குப் போனார்கள். பக்கத்திலேயே வேறு கடைகள் இருந்தன. ஆனால் சண்டை பிடிக்கத் தாய்மொழிதானே வசதி. வழுக்கைத் தலைக் கடைக்காரர் சிரித்த முகமாக ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

“சார், இது நம்பர் ஒன் மாடல். எல்லாத்தையும் பாக்கும்.”

“எல்லாத்தையும் பாக்கிற கேமரா இன்னும் பொறக்கலை. இது எதைப் பாக்காது? அதைச் சொல்லுங்க.”

“இப்படி யாரும் கேட்டதில்லையே சார்.”

“கேக்காததாலதான் உங்க கடை ஓடுது.”

கடைக்காரர் சிரிப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டு இரண்டாவது பெட்டியைத் திறந்தார். “இதுல மைக் இருக்கு, ஸ்பீக்கர் இருக்கு. நீங்க எங்க இருந்தாலும் போன்லயே வாசல்ல நிக்கிறவங்ககூட பேசலாம். அவங்க பேசறதும் கேக்கும். முகமும் பக்கத்துல தெளிவா தெரியும்.”

“திருடன்கூட பேச எனக்கு என்ன இருக்கு? சாப்பிட்டியான்னு கேக்கணுமா?”

“அதுக்கில்ல சார். வீட்டம்மா வாசல்ல இருந்தா, ஏதாவது சொல்லணும்னா...”

“வீட்டம்மாகிட்ட பேச வீட்டுல வாய் இருக்கு.”

“வாய் இருக்கு” என்றாள் அதுவரை சும்மா இருந்த மனைவி. “பேச்சுதான் இல்ல.”

கடைக்காரர் மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தார். மானிட்டர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது மாடலைப் புரட்டிக்கொண்டிருந்தார். சத்தம் இல்லாதது, ஆனால் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை காட்டும்.

“அகலமா காட்டும் சார். ஆனா முகம் கட்டை விரல் சைஸுக்குத்தான் வரும். அப்புறம் குறை சொல்லக் கூடாது.”

“முகம் எனக்கெதுக்கு? நடமாட்டம் தெரிஞ்சா போதும். இதுலயே ஆறு குடுங்க.”

“ஆறா?” என்றாள் மனைவி. “வாசல்ல ஒண்ணு, பின்கதவுல ஒண்ணு. மிச்சம் நாலு எங்க?” அவர் பர்ஸை எடுத்தார். அவள் கடைக்காரர் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள்: “வீட்டுக்குள்ள மாட்டினீங்கன்னா நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல.”

தங்கச்சி வீடு ரயிலில் மூன்று மணி நேரம். முப்பத்தைந்து வருஷக் கல்யாணத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. வேறு யாராவது என்றால் அந்த நான்கு பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். இவர் ரசீது சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து அவள் பல் டாக்டரிடம் போன நேரம் பார்த்துக் கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, மாடி நடையில் ஒன்று என்று மாட்டி முடித்துவிட்டார். அவள் திரும்பி வந்து, வீங்கிய கன்னத்தோடு அண்ணாந்து பார்த்தாள்.

“சொன்னேனே.”

“திருடன் உள்ள வந்துட்டா என்ன பண்ணுவே?”

“நான் திருடனா?”

“உன்னை யாரு பாக்கப் போறா? திருடன் வந்தா மட்டும்தான் பாப்பேன். போதுமா?”

அவள் வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டாள். “சரி. இந்த வார்த்தைய நம்பி ஒரு மாசம் இருக்கேன். அதுக்குள்ள நீங்க என்னைப் பாக்கறீங்கன்னு தெரிஞ்சுது, அப்புறம் நான் இங்க இல்ல.”

சொன்ன வார்த்தை மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள், மாடியில் உள்ள சின்ன அறையில், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் கை தன்னால் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தது. திருடன் வரவில்லை. தெருவில் ஈ காக்கை இல்லை. எழுதுவதற்கு ஏதாவது வேண்டுமே! அவள் வீட்டுக்குள் குளிருக்காக எப்போதும் பச்சை ஸ்வெட்டர் போட்டிருப்பாள். இவர் எழுதினார்:

‘9.10. பச்சை ஸ்வெட்டர். சமையலறை.

11.25. பச்சை ஸ்வெட்டர். மாடிப்படி. மூன்றாம் படியில் நின்றது. காரணம் தெரியவில்லை.’

காரணம் முழங்கால் வலி. நாற்காலியை விட்டு எழுந்து நான்கு எட்டு வைத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கட்டிய மனைவியை ‘நின்றது’ என்று எழுத ஒரு மனுஷனுக்குக் கை எப்படி வந்தது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

‘2.15. பச்சை ஸ்வெட்டர். காணவில்லை.

4.00. மீண்டும் தோன்றியது. முகத்தில் சிரிப்பு. சந்தேகம்.’

மறுநாளும் அப்படியே. இரண்டேகாலுக்குச் சமையலறைத் திரையிலிருந்து வெளியே போவாள், அடுத்த திரையில் வர மாட்டாள். வாசல் கேமராவில் இல்லை, பின்கதவு கேமராவில் இல்லை. நாலு மணிக்கு எங்கிருந்தோ முளைப்பாள். பத்து நாள் இப்படி. கேட்டாரா என்றால், இல்லை. கேட்டால் சந்தேக நபர் உஷாராகிவிடுவாராம்! அடித்தள அறையில் படித்த பாடம்.

பதினோராம் நாள் அவள் கடைக்குப் போனபோது மோப்பம் பிடித்துக்கொண்டு கிளம்பினார். சமையலறையை ஒட்டித் துணி துவைக்கும் இடம். சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி, எந்தக் கேமராவுக்கும் எட்டாத இடம். அங்கே ஒரு வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் பழைய குஷன். இயந்திரத்தின் மேல் தேநீர்க் கோப்பை வைத்த வட்டக் கறைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒரு கொண்டை ஊசி. சுவரில் போன் சார்ஜர்.

விஷயம் இவ்வளவுதான். இயந்திரத்தை ஓட விட்டுவிட்டு, அந்தச் சத்தத்தின் நிழலில் உட்கார்ந்து, தேநீர் குடித்தபடி தங்கச்சியோடு போனில் பேசிச் சிரித்திருக்கிறாள். இருபத்தாறு வருஷமாக அவளுக்குப் பழகின சத்தம் அது. சொந்த வீட்டில் அவளுக்கு மிஞ்சின இடம் ஒன்றரை அடி.

அதைப் பார்த்து மானிட்டருக்கு வலித்ததா? இல்லை. குஷியாக இருந்தது. ‘கிடைத்தது’ என்று நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டார்.

மறுநாள் காலை அளவு நாடாவோடு சலவை இயந்திரத்துக்கு மேலே சுவரை அளந்துகொண்டிருந்தார். அவள் கூடை நிறையத் துணியோடு வந்து நின்றாள். கவிழ்த்த வாளி ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தது.

“என்ன பண்றீங்க?”

“இங்க ஒரு மூலை விட்டுப்போச்சு. இன்னொண்ணு வாங்கிட்டு வந்து மாட்டிட்டா முடிஞ்சுது.”

கூடையை இறக்கி வைத்தாள். ‘என்ன விலை’ என்று கூடக் கேட்கவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

கடையில் ஏழாவது பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றபோது போன் அதிர்ந்தது. ‘முன்வாசலில் அசைவு.’ திறந்து பார்த்தார். கேட் தூணின் உச்சியில் அவர் மாட்டியிருந்த கேமராவில் தெரு முழுக்கத் தெரிந்தது, நாய்க்காரர் வீட்டு வேலிவரை. நடுவே அவருடைய வாசல். வாசலில் பழுப்புக் கோட்டு போட்ட ஒருத்தி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். காலடியில் பெட்டி. ஒரு நொடி அவருக்கு ஆள் தெரியவில்லை. பச்சை ஸ்வெட்டர் இல்லையே!

அப்புறம் தெரிந்தது.

அவள் சாவியைக் கடிதப் பெட்டிக்குள் போட்டாள். அண்ணாந்து கேமராவைப் பார்த்தாள். பேச ஆரம்பித்தாள். கத்தவில்லை, அழவில்லை. எதிரே நிற்கிறவரிடம் பேசுகிற மாதிரி, நிதானமாக, ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசினாள்.

“ஏய், நில்லு!” என்று அவர் போனுக்குள் கத்தினார். “நில்லுன்னு சொல்றேன்ல! நான் வர்றேன்! நில்லு!”

வரிசையே திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், இந்த மாடல்ல பேச முடியாதே. நீங்கதானே வேண்டாம்னீங்க.”

அவள் எண்ணை அழுத்தினார். மணி போனது. திரையில் அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பெயரைப் பார்த்தாள். கேமராவை இன்னொரு முறை பார்த்தாள். போனைப் பைக்குள் வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்து, படத்தின் வலப் பக்கம் வழியாக மறைந்தாள்.

அடுத்தடுத்து மூன்று பஸ். வீடு சேர ஒன்றரை மணி நேரம். சமையலறை துடைத்திருந்தது. சலவை இயந்திரம் ஓய்ந்திருந்தது. மாடி அறையில், அவருடைய நாற்காலியில், பச்சை ஸ்வெட்டர் ஆஸ்பத்திரி மடிப்பில் ஓரம் பிசகாமல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேஜையில் நோட்டு திறந்து கிடந்தது. ‘கிடைத்தது’ என்று அவர் போட்ட கோட்டுக்குக் கீழே அவள் கையெழுத்து:

‘11.40. முன்வாசல். உங்கள் மனைவி. கையில் ஒரு பெட்டி. திருடியது எதுவும் இல்லை.’

அவர் ஸ்வெட்டரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதிவைப் பின்னால் ஓட்டி நிறுத்தினார். படத்தைப் பெரிதாக்கினார். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. உதடு எங்கே, தாடை எங்கே என்று தெரியவில்லை. ஊரார் உதட்டையெல்லாம் படித்த மனுஷன், அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு வார்த்தையைக் கூடப் பிடிக்க முடியாமல் மறுபடி ஓட்டினார். மறுபடி. ஏழாவது தடவை ஓட்டும்போது, சத்தம் வராது என்று தெரிந்தே, வால்யூமைக் கடைசிவரை ஏற்றி வைத்துக்கொண்டு காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.