நாலு பக்கமும் தைத்த தலையணை உறை

கணவர் இறந்து சில மாதங்களாகியும் எனக்கு அழுகை வரவில்லை. வேங்கிக்கால் ஊரில் எங்கள் வீட்டில் ஒரு மதியம், சும்மா உட்கார முடியாமல் அவருடைய பழைய லுங்கியை வெட்டி, செல்போனில் வீடியோ பார்த்து, முதல்முறையாகத் தலையணை உறை தைத்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து அதைத் திருப்பிப் பார்த்தார்.

"நாலு பக்கமும் தெச்சிட்டியேம்மா, தலகாணிய எப்படி நுழைப்ப?"

எனக்கு வெட்கம்கூட வரவில்லை.

"சாப்ட்டியா?"

"தெரியலக்கா."

நிஜமாகவே தெரியவில்லை.

அக்கா உடனே போய், தன் வீட்டிலிருந்து ரசம் சாதம் கொண்டுவந்து கொடுத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அருகிலேயே உட்கார்ந்து, ஒரு பக்கத் தையலை பிளேடால் பிரித்தார்.

அன்றைக்கும் நான் அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. அந்த ரசம் சூடாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.