கேம்பரைச் சரிசெய்தது நான்தான்

எங்கள் வீல் அலைன்மென்ட் கடையில் நான் ஸ்பேனரைத் தொட்டால் அப்பா தொலைத்துவிடுவார். இன்று அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்த நேரத்தில் தொட்டேன்.

வந்த காரில் ஒரு முன்டயரின் உள்ஓரம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறது, அதாவது கேம்பர் எனும் சாய்வுக் கோணம் சரியில்லை என்று புரிந்தது.

மெக்கானிக் மாரி அண்ணன், “ஏட்டி, ஒங்கப்பா வந்தாருன்னா ரெண்டு பேரும் காலி” என்று முனகிக்கொண்டே தள்ளி நின்றார்.

போல்ட்டைத் தளர்த்தினேன். சக்கரத்தின் மேல்பக்கத்தை வெளியே இழுத்துப் பிடித்து, அலைன்மென்ட் கருவியின் திரையில் கேம்பர் எண் பச்சையானதும் முடுக்கினேன்.

அப்பா வந்து வண்டியை ஓட்டிப் பார்த்தார். “ஏலே மாரி, எம்புட்டு சுத்தமா வச்சிருக்க! நானே இப்படி வச்சதில்லலே.”

மாரி அண்ணன் தலையைச் சொறிந்தார்.

அப்பாவைத் தெரிந்தவர்கள் இந்தப் பதிவுக்கு லைக் போடாதீர்கள், அவர் கண்ணில் பட்டுவிடும். தெரியாதவர்கள் தாராளமாகப் பாராட்டலாம்.